இயங்குதளப் புதுப்பித்தலும் முழு மீளமைப்பும்

இயங்குதளப் புதுப்பித்தல், முழு மீளமைப்பு ஆகியவை பழுதுற்ற அல்லது வேகம் குன்றிய கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதற்கான இரு முறைகள் ஆகும். புதுப்பித்தலில் பயனரின் சொந்தக் கோப்புகள் அப்படியே விடப்பட்டு இயங்குதளம் மட்டும் புதிதாக நிறுவப்படுகிறது. முழு மீளமைப்பில் பயனரின் கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் அனைத்தும் நீக்கப்பட்டு, கணினி முதன்முதலில் இயக்கப்பட்ட நிலைக்கு ஒப்பான நிலைக்குத் திரும்புகிறது. இங்குப் புதுப்பித்தல் எனப்படுவது, இணையம் வழியாக அவ்வப்போது வரும் திருத்தங்களை ஏற்கும் இற்றைப்படுத்தலிலிருந்து வேறானது.

தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இவ்விரண்டும் வேறுபடுத்தப்படாமல் 'ஃபார்மட் அடித்தல்' அல்லது 'விண்டோஸ் போடுதல்' என்றே குறிக்கப்படுகின்றன. இந்தச் சொற்குழப்பம் சிறியது அன்று. கடையில் மடிக்கணினியைக் கொடுத்து 'விண்டோஸ் போட்டுத் தாருங்கள்' என்று கேட்பவர் பெரும்பாலும் புதுப்பித்தலை மனத்தில் கொண்டிருக்கிறார். கடைக்காரர் செய்வதோ பெரும்பாலும் சி வட்டுப் பிரிவை முழுதாக அழித்து நிறுவுதல். ஒளிப்படங்களும் ஆய்வேடுகளும் தொலைவது பல நேரங்களில் இந்த இடைவெளியில்தான்.

வரலாறு

விண்டோஸ் 7 வரையிலான பதிப்புகளில் இவ்விரு பெயர்களிலும் வசதி எதுவும் இல்லை. கணினியை முந்தைய ஒரு நாளின் அமைப்புக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரெஸ்டோர்', தொடக்கப் பழுதுநீக்கம், நிறுவல் வட்டைக் கொண்டு மேலெழுத நிறுவுதல் ஆகியவையே இருந்தன. கணினித் தயாரிப்பாளர்கள் வன்தட்டில் மறைவான மீட்புப் பிரிவு ஒன்றை வைத்து, தொடக்கத்தின்போது குறிப்பிட்ட விசையை அழுத்தினால் ஆலை நிலைக்குத் திரும்பும் வகையில் செய்திருந்தனர். அந்த விசை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வெவ்வேறு.

2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8 பதிப்பில்தான் 'ரிஃப்ரெஷ்', 'ரீசெட்' என்னும் இரு தனித்தனிப் பொத்தான்கள் முதன்முறையாக இடம்பெற்றன. கைப்பேசிகளில் உள்ள 'ஆலை நிலைக்குத் திருப்பு' வசதியைப் போல, தொழில்நுட்ப அறிவு இல்லாத பயனரும் தாமே செய்துகொள்ளத்தக்கதாக இவை வடிவமைக்கப்பட்டன. விண்டோஸ் 8 புதுப்பித்தலில் பயனரின் கோப்புகளும், கம்பியில்லாப் பிணைய இணைப்புகளும், தோற்ற அமைப்புகளும், விண்டோஸ் கடையிலிருந்து பெற்ற செயலிகளும் காக்கப்பட்டன. வேறு வழிகளில் நிறுவிய மென்பொருள்கள் நீக்கப்பட்டு, அவற்றின் பெயர்ப்பட்டியல் ஒன்று மேசைத்திரையில் இணையப்பக்கக் கோப்பாக வைக்கப்பட்டது.

2015 சூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10 இவ்விரண்டையும் 'ரீசெட் திஸ் பிசி' என்னும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அதற்குள் நுழைந்த பின்னரே கோப்புகளை வைத்திருப்பதா, அனைத்தையும் நீக்குவதா என்ற கேள்வி வருகிறது. பொருள் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. ஆயினும் 'ரீசெட்' என்ற சொல்லைக் கண்டதுமே அனைத்தும் அழிந்துவிடும் என அஞ்சி விலகுவோரும், 'கோப்புகளை வைத்திரு' என்பதைக் கண்டதும் எதுவும் அழியாது என நம்பி முன்செல்வோரும் இந்த மாற்றத்தால் உருவாயினர். இரண்டு எண்ணங்களும் தவறானவை. 2020 மே மாதப் பதிப்பில், நிறுவல் கோப்புகளை மைக்ரோசாப்ட் வழங்கியிலிருந்து நேரடியாகப் பதிவிறக்கிக்கொள்ளும் 'கிளவுட் டவுன்லோட்' தேர்வு சேர்க்கப்பட்டது. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 இதே அமைப்பையே பின்பற்றுகிறது.

செயற்படும் விதம்

இரு முறைகளும் 'மீட்புச் சூழல்' எனப்படும் ஒரு சிறிய தனி இயங்குதளத்திலிருந்து நடைபெறுகின்றன. முதன்மை இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதையே மாற்ற இயலாது என்பதே இதற்குக் காரணம். விண்டோஸ் தொடங்கக்கூடிய நிலையில் இருந்தால் அமைப்புகள் பக்கத்திலிருந்தோ, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மறுதொடக்கம் செய்தோ இச்சூழலுக்குள் செல்லலாம். தொடங்கவே இயலாத கணினி, சில முறை தொடர்ந்து தோல்வியுற்றபின் தானாகவே இச்சூழலைத் திறக்கும்.

விண்டோஸ் 8 இதற்கென முழு நிறுவல் உருவம் ஒன்றை வட்டில் சேமித்து வைத்திருந்தது. விண்டோஸ் 10 முதல், கணினியில் ஏற்கெனவே உள்ள இயங்குதளக் கூறுகளைக் கொண்டே புதிய நிறுவல் கட்டப்படுகிறது. இதனால் பல கிகாபைட் இடம் மிச்சமாகிறது. ஆனால் அக்கூறுகளே சிதைந்திருந்தால் உள்ளிருந்து செய்யும் மீளமைப்பு பாதியில் நின்று, மாற்றங்கள் எதுவும் செய்யப்படவில்லை என்ற அறிவிப்போடு முடிந்துவிடக்கூடும். அந்நிலையில் பதிவிறக்க வழியோ, வேறொரு கணினியில் உருவாக்கிய யுஎஸ்பி நிறுவல் தண்டோ தேவைப்படும். இதற்குக் குறைந்தது 8 கிகாபைட் கொள்ளளவுள்ள தண்டு வேண்டும்.

முழு மீளமைப்பிலும் இரு நிலைகள் உண்டு. விரைவு நிலையில் கோப்புகள் நீக்கப்பட்டாலும் அவற்றின் தரவு வட்டில் எஞ்சியிருக்கும். மீட்பு மென்பொருள்களால் அதில் ஒரு பகுதியை எடுத்துவிட முடியும். வட்டைத் துப்புரவு செய்யும் நிலையில் பழைய தரவின்மேல் மீண்டும் எழுதப்படுவதால் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கலாம். கணினி தம்மிடமே இருக்கப்போகிறது என்றால் முதலாவது போதும். விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ போகிறது என்றால் இரண்டாவதைத் தவிர்ப்பது முறையன்று. வங்கிக் கடவுச்சொற்களும் அடையாள அட்டைப் படிகளும் பழைய மடிக்கணினியோடு கைமாறுவது இந்த ஒரு தேர்வை விட்டுவிடுவதால் நேர்கிறது.

காக்கப்படாதவை

புதுப்பித்தல் காப்பது கோப்புகளை மட்டுமே. மென்பொருள்கள், அவற்றின் உரிமக் குறிகள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், நூற்குறிகள் போன்றவை பயனரின் கண்ணுக்குப் புலப்படாத செயலித்தரவு அடைவுகளில் இருப்பதால், வேறிடத்தில் ஒத்திசைக்கப்படாதிருப்பின் அவை போய்விடும். ஆவணங்கள், படங்கள், மேசைத்திரை, பதிவிறக்கங்கள் ஆகிய வழக்கமான கோப்புறைகளுக்கு வெளியே வைத்தவை காக்கப்படும் என்று நம்பியிருத்தலும் ஆகாது. பொறியியல், பல்தொழில்நுட்ப மாணவர்கள் டர்போ சி மென்பொருளில் எழுதும் நிரல்களை அம்மென்பொருளின் சொந்த அடைவிலேயே சேமிக்கும் வழக்கம் உள்ளது. பருவம் முழுவதும் எழுதிய ஆய்வகப் பயிற்சிகள் 'ஆவணங்கள்' கோப்புறையில் ஒருபோதும் இருந்திருக்காது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை மட்டுமே தமிழாகத் தெரியும். புதுப்பித்தலில் பயனர் தனியே நிறுவிய எழுத்துருக்கள் நீங்கிவிடுவதால், கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குவியலே காணப்படும். கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதி அதை அழித்துவிடுவோர் உண்டு. உண்மையில் ஒரு எழுத்தும் கெடவில்லை. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்ப வரும், அல்லது குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2010 சூனில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னரும் அச்சகங்கள், பழைய ஆய்வேடுகள், அலுவலகக் கடிதங்கள் எனப் பெருமளவு உரை பழைய குறியேற்றங்களிலேயே தங்கியுள்ளது.

ஒருங்குறிக் கோப்புகளுக்கு இந்த இடர் இல்லை. எனினும் விண்டோஸ் 10 முதல் 'லதா' எழுத்துரு அடிப்படை நிறுவலில் வருவதில்லை. தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுதியாகத் தனியே சேர்க்கப்பட வேண்டும். அதுவரை உரை 'நிர்மலா' எழுத்துருவில் தோன்றுவதால் பக்க அளவுகளும் வரிமுறிவுகளும் மாறலாம். இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சுக் கருவிகளும் நீங்கிவிடும். அவற்றின் நிறுவல் கோப்புகளை முன்கூட்டியே எடுத்துவைத்தல் நலம்.

தமிழ்நாடு அரசு மடிக்கணினிகள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக ஆகும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த இத்திட்டத்தின் கீழ், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி, பல்தொழில்நுட்ப மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்கத் தொகுதிகள் 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் கொண்டவை. அவற்றில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்களும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. பழுதானால் காப்புநகல் எடுக்க இரண்டாவது கணினியோ, வெளி வன்தட்டோ இருக்காது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள செம்மங்குப்பம் போன்ற ஊர்களின் மாணவர் மடிக்கணினியைக் கடலூரிலோ சிதம்பரத்திலோ உள்ள கடைக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே நேரம் கருதி வட்டை அழித்து நிறுவுவதே எளிய வழி. அவ்வாறு நிறுவும்போது லினக்ஸ் பிரிவு தீண்டப்படாமல் இருந்தாலும், விண்டோஸ் நிறுவி தொடக்கப் பதிவை மேலெழுதிவிடுவதால் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் மறைந்துபோகும். லினக்ஸ் 'அழிந்துவிட்டது' என்று கூறப்பட்ட கணினிகளில் அது வட்டிலேயே இருந்திருக்கக்கூடும். நேரலை வட்டு ஒன்றைக் கொண்டு தொடக்க ஏற்றியை மீண்டும் எழுதினால் போதும்.

அதே லினக்ஸ் ஒரு மீட்புக் கருவியாகவும் பயன்படக்கூடியது என்பது பரவலாக அறியப்படவில்லை. விண்டோஸ் தொடங்க மறுக்கும்போது லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் பிரிவிலுள்ள கோப்புகளை யுஎஸ்பி தண்டுக்குப் படியெடுக்கலாம். இரு இயங்குதளங்களும் ஒரே கணினியில் இருந்ததன் மிகப் பெரிய பயன் இதுவே எனலாம்.

உரிமக் குறியும் கவனத்திற்குரியது. விண்டோஸ் 7 கணினிகளில் அது பொதுவாக அடிப்பக்க ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருந்தது. சில ஆண்டுப் புழக்கத்தில் எழுத்துகள் தேய்ந்துபோயின. விண்டோஸ் 8 முதல் தயாரிப்பாளர்கள் அதைத் தாய்ப்பலகையிலேயே பதிந்து தருகின்றனர். ஆகவே அத்தகைய கணினியை மீளமைத்தால் குறியை உள்ளிடத் தேவையில்லை. உரிமம் பெற்ற கணினியில் உரிமமற்ற படியை நிறுவிக்கொண்டு வருவது பணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒருங்கே கேடு.

2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது

கணினி எவ்வளவு மோசமாக உள்ளது என்பதைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே பொதுவழக்கம்: சிறு தொல்லைக்குப் புதுப்பித்தல், பெருந்தொல்லைக்கு முழு மீளமைப்பு. இது சரியான அளவுகோல் அன்று. பழுது எந்த அடுக்கில் உள்ளது என்பதும், வட்டில் உள்ளவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவை எவை என்பதுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாதவரை இரு பொத்தான்களையும் தொடாதிருப்பது நன்று. புதுப்பித்தல் காப்புநகலுக்கு மாற்று அன்று. அது இடையில் மின்தடையாலோ வட்டுப் பழுதாலோ முறிந்தால் கோப்புகளும் சிக்கிக்கொள்ளும்.

பழுது வன்பொருளில் இருப்பின் இரண்டுமே பயனற்றவை. வன்தட்டிலிருந்து சொடுக்கொலி கேட்பதும், ஒரு சிறு கோப்பைப் படியெடுக்கவே பல நிமிடங்கள் ஆவதும் வட்டு தேய்வதன் அறிகுறிகள். இந்நிலையில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது வட்டின்மேல் பெருஞ்சுமையை ஏற்றி, எஞ்சிய ஆயுளையும் முடித்துவிடக்கூடும். முதலில் கோப்புகளை எடுத்தல், அடுத்து வட்டை மாற்றுதல் என்பதே வரிசை. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்தில் நேர்ந்தது போல நீர் புகுந்த வீடுகளில் நனைந்த கணினிகளுக்கும் இது பொருந்தும்: அவற்றை இயக்காமல், மின்கலத்தைக் கழற்றி உலரவிட்டு, வட்டைத் தனியே எடுத்துப் படிப்பதே முதல் வேலை.

வேகக்குறைவு வேறு வகை. சுழலும் வன்தட்டும் 2 கிகாபைட் நினைவகமும் உள்ள பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 நிறுவியிருந்தால் முழு மீளமைப்புக்குப் பின் சில வாரங்கள் வேகம் கூடியதுபோல் தோன்றும். பின்னர் பழைய நிலையே திரும்பும். திண்மநிலை வட்டாக மாற்றுவதும் நினைவகத்தைக் கூட்டுவதும் எந்த மீளமைப்பையும் விட அதிகப் பயன் தரும்.

ஒரு மென்பொருளை நிறுவியதாலோ, ஓர் இற்றையாலோ, இயக்கிகள் முரண்பட்டதாலோ கணினி தடுமாறினால் புதுப்பித்தல் பொருத்தமானது. அதற்கும் முன்னதாகச் சிஸ்டம் ரெஸ்டோரை முயன்று பார்க்கலாம். அதில் மென்பொருள்கள் பெரும்பாலும் தங்கும். நச்சுநிரல் தாக்கியிருந்தால் முழு மீளமைப்பே ஏற்றது. புதுப்பித்தலில் பயனர் கோப்புகள் அப்படியே விடப்படுவதால் அவற்றுக்கிடையே ஒளிந்துள்ள தீநிரலும் தப்பிவிடலாம். இன்னும் உறுதி வேண்டுமெனில், தொற்றில்லாத வேறு கணினியில் உருவாக்கிய தண்டிலிருந்து பிரிவுகளை அழித்து நிறுவுதல் நன்று. அதற்குமுன் படியெடுக்கும் ஆவணங்களைத் திரும்ப வைப்பதற்கு முன்பு சோதிக்க வேண்டும்.

மறையாக்கம் செய்யப்பட்ட வட்டுகளில் இன்னொரு தடை உண்டு. அண்மைய மடிக்கணினிகள் பலவற்றில் பயனர் அறியாமலேயே வட்டு மறையாக்கம் இயங்குகிறது. மீட்புச் சூழல் 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கும்போதுதான் பலர் அதன் இருப்பையே அறிகின்றனர். அக்குறி வழக்கமாகப் பயனரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பள்ளியிலோ கடையிலோ வேறொருவர் உருவாக்கிக் கொடுத்த கணக்காயின், அதன் கடவுச்சொல் தெரியாத நிலையில் கோப்புகளை மீட்க வழியில்லை. அழித்து நிறுவுவது ஒன்றே எஞ்சும்.

உள்ளூர் நிறுவலா, பதிவிறக்கமா என்ற துணைக்கேள்விக்கு ஊரக நிலைமையே விடை சொல்லிவிடுகிறது. பதிவிறக்க வழி 4 கிகாபைட்டுக்கு மேல் தரவை எடுத்துக்கொள்ளக்கூடும். நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 கிகாபைட் வரம்புள்ள கைப்பேசித் திட்டத்தைக் கொண்டு இணையம் பயன்படுத்துவோருக்கு இது ஒரே நாளில் இயலாது. கணினியின் சொந்தக் கூறுகள் கெடாதிருந்தால் உள்ளூர் நிறுவலே போதுமானது.

மின்சாரமும் கணக்கில் கொள்ளத்தக்கது. மின்கலம் தேய்ந்த மடிக்கணினி மின்தடை ஏற்பட்ட நொடியே அணைந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நெடுநாள் ஆனது. வடகிழக்குப் பருவமழையின் காற்றுமழை நாட்களில் இப்பணியைத் தொடங்காமல் ஒத்திவைப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

அறியப்பட்ட குறைபாடுகள்

2022 பிப்ரவரியில், அனைத்தையும் நீக்கும்படி தேர்ந்தெடுத்து மீளமைத்த சில விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஒன்டிரைவ் கோப்புகள் பழைய நிறுவலின் கோப்புறையில் எஞ்சியிருந்ததை மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. அடுத்த மாத இற்றையில் இது திருத்தப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதப் பாதுகாப்பு இற்றையை நிறுவிய சில பதிப்புகளில் மீளமைப்பு முயற்சியே தோல்வியுற்றது. திருத்தம் அம்மாதம் 19ஆம் நாள் வெளியானது.

மீளமைப்பு பழைய பதிப்பைப் புதிய பதிப்பாக மாற்றாது என்பதும் பலர் கவனிக்காதது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. அப்பதிப்புகளில் உள்ள கணினியை எத்தனை முறை மீளமைத்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் திரும்ப வரா. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் தகுதியைப் பெற்றவை அல்ல. அவற்றை மேலும் பயன்படுத்த விரும்புவோர்க்கு இலகுவான லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுவது நடைமுறைக்கு உகந்த வழி.

பிற இயங்குதளங்களில்

ஆப்பிள் கணினிகளில் மீட்பு நிலையிலிருந்து இயங்குதளத்தை மட்டும் மீண்டும் நிறுவினால் பயனர் கோப்புகளும் மென்பொருள்களும் தங்கும். 2021இல் வெளியான மாண்டரே பதிப்பு முதல் புதிய வன்பொருள்களில் அனைத்தையும் அழிக்கும் தனித் தேர்வும் உண்டு. குரோம்புக் கணினிகளில் 'பவர்வாஷ்' எனப்படும் முழு மீளமைப்பு உள்ளது. கோப்புகள் இணையத்தில் இருப்பதாகக் கருதி அமைந்தது அது. லினக்ஸில் பயனர் அடைவைத் தனி வட்டுப் பிரிவாக வைத்திருந்தால், இயங்குதளப் பிரிவை மட்டும் அழித்து நிறுவிக்கொள்ளலாம்.